சாலை விபத்துக்குப் பிறகு: ஏ.ஆர். காப்பி முதல் இழப்பீடு வரை

ஒரே விபத்திலிருந்து இரண்டு வழக்குகள் கிளம்பும். வண்டி ஓட்டியவர் மீது அரசு நடத்துவது குற்ற வழக்கு. அடிபட்டவரோ, இறந்தவரின் குடும்பமோ பணம் கேட்டுப் போடுவது இழப்பீட்டு வழக்கு. முதலாவது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நடக்கும், இரண்டாவது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நடக்கும். குற்ற வழக்கில் டிரைவர் விடுதலையானாலும் இழப்பீடு கிடைக்கலாம். குற்ற வழக்கில் குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட வேண்டும். தீர்ப்பாயத்தில் 'இப்படித்தான் நடந்திருக்கும்' என்று நம்பும்படி சான்று இருந்தால் போதும்.

ஆனால் இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றுதான்: முதல் இரண்டு நாளில் உருவாகும் காகிதங்கள். அவற்றில் விழும் ஒரு தவறான வரியைத் திருத்த இரண்டு வருடம் போராட வேண்டியிருக்கும். கீழே உள்ளவை தமிழ்நாட்டு நடைமுறையை ஒட்டியவை.

சம்பவ இடத்தில்

முதலில் 108. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கும் அழைக்கலாம். அடிபட்டவரைக் கவனித்த பிறகு, வண்டிகளை ஓரம் கட்டுவதற்கு முன்பு படம் எடுங்கள். வண்டிகள் நின்ற நிலை, இரண்டின் நம்பர் பிளேட், சாலையில் டயர் தேய்ந்த தடம், உடைந்த கண்ணாடி சிதறிய இடம், அருகில் உள்ள கடைப் பலகை அல்லது கிலோமீட்டர் கல் எல்லாம் தெரிய வேண்டும். கடைப் பலகை எதற்கு என்று தோன்றும். எஃப்.ஐ.ஆரில் இடம் மாறிப் பதிவாகிவிட்டால் அதைக் காட்டித் திருத்த உதவும்.

அந்தக் கடைகளில் சிசிடிவி இருக்கிறதா என்று பாருங்கள். பல கருவிகளில் ஓரிரு வாரத்தில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். 'இன்ன கடையின் கேமராப் பதிவைக் கைப்பற்ற வேண்டும்' என்று புகாரிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். வாயால் சொன்னது மறந்துபோகும்.

வண்டி ஓட்டியவராக நீங்களே இருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆம் பிரிவு சில கடமைகளைச் சுமத்துகிறது. அடிபட்டவருக்கு மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். காவல்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். அங்கே போலீஸ் யாரும் இல்லையென்றால் விரைவாக, எப்படியும் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் பாலிசி எண், விபத்து நடந்த நாள், நேரம், இடம், அடிபட்டவர் விவரம், ஓட்டியவர் பெயர், லைசென்ஸ் விவரம் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். கூட்டம் கூடி அடிக்க வருகிறது என்றால் அங்கேயே நிற்க வேண்டிய கட்டாயமில்லை. சட்டமே அதை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் வீட்டுக்குப் போகாமல் நேராக ஸ்டேஷனுக்குப் போங்கள். கடமையை மீறினால் 187-ஆம் பிரிவின்படி முதல் முறை 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

'விபத்து செய்துவிட்டு ஓடினால் 10 வருடம்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2). 2024 ஜூலை 1-இல் புதிய சட்டம் அமலுக்கு வந்தபோது, லாரி ஓட்டுநர்களின் எதிர்ப்பால் இந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. அதற்காக ஓடலாம் என்று பொருளில்லை. 134, 187 இரண்டும் நடப்பில்தான் இருக்கின்றன. தவிர, ஓடியது தெரிந்தால் எந்த நீதிபதியும் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

வழிப்போக்கராக இருந்து உதவுகிறீர்களா? 134ஏ பிரிவு உங்களைக் காக்கிறது. பெயர் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, ஆஸ்பத்திரியில் பணம் கட்டச் சொல்லக் கூடாது, சாட்சியாக வருவது உங்கள் விருப்பம். பலத்த காயம் பட்டவரை முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்த்து உயிர் காக்க உதவியவருக்கு மத்திய அரசின் 'ராஹ்-வீர்' திட்டத்தில் 25,000 ரூபாய் பரிசும் உண்டு.

மருத்துவமனையில்: ஒரு வரியில் வழக்கு மாறும் இடம்

அவசரப் பிரிவில் சேர்த்தவுடன் பணி மருத்துவர் ஒரு பதிவேட்டில் எழுதுவார். அதன் நகல்தான் ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டு நகல். யார் அழைத்து வந்தார், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எப்படி அடிபட்டது, என்னென்ன காயம் என்பதெல்லாம் அதில் இருக்கும். எஃப்.ஐ.ஆருக்கு முன்பே பிறக்கும் ஆவணம் என்பதால் நீதிமன்றத்தில் இதற்கு மதிப்பு அதிகம். காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் முதலில் புரட்டுவதும் இதைத்தான்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறுகள் மூன்று. ஒன்று, 'போலீஸ் கேஸ் வேண்டாம், அலைய முடியாது' என்று பயந்து, 'வண்டி வழுக்கி விழுந்தார்' என்று கூட வந்தவர் சொல்லிவிடுவது. அது அப்படியே பதிவாகும். நான்கு நாள் கழித்து 'கார் இடித்தது' என்று புகார் கொடுத்தால், பணத்துக்காகக் கதை மாற்றியதாக வாதம் வரும். இரண்டு, 'அடையாளம் தெரியாத வாகனம்' என்று எழுதவிட்டு, பிறகு ஒரு நம்பரைக் கொண்டுவருவது. நம்பர் தெரிந்தால் அப்போதே சொல்லுங்கள். பாதி எண்தான் தெரியும் என்றால் பாதியையும், வண்டியின் நிறத்தையும், வகையையும் சொல்லுங்கள். மூன்று, ஓட்டியவரா பின்னால் உட்கார்ந்தவரா என்பது மாறிப்போவது. இழப்பீட்டுக் கணக்கையே இது தலைகீழாக்கும்.

கூட வந்தவருக்கு விவரம் தெரியாதென்றால், ஊகித்துச் சொல்ல வேண்டாம். 'சாலை விபத்து, விவரம் தெரியாது' என்று சொன்னாலே போதும்.

பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், 2021 டிசம்பர் முதல், திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை தேவையில்லை. வெளி மாநிலத்தவருக்கும் பொருந்தும். மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தில், விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை, ஒருவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு.

எலும்பு முறிந்ததா என்பது சட்டப்படியும் முக்கியம். எலும்போ பல்லோ முறிந்தால் அது கொடுங்காயம்; அதற்கேற்ப வழக்கின் பிரிவு மாறும். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களையும் பில்களையும் ஒன்றுவிடாமல் வைத்திருங்கள். மருந்துக்கடை ரசீதில் நோயாளியின் பெயர் இல்லாவிட்டால் பின்னால் கணக்கில் சேராது.

எஃப்.ஐ.ஆர்.

மருத்துவமனை ஸ்டேஷனுக்குத் தகவல் அனுப்பும். எஸ்.ஐ. அல்லது ஏட்டு வந்து வாக்குமூலம் வாங்குவார். சென்னையில் இதைப் பெரும்பாலும் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு கவனிக்கும். யாரும் வரவில்லையென்றால் நீங்களே எழுத்துப் புகார் கொடுங்கள். புகாரில் இருக்க வேண்டியவை: நாள், நேரம், சாலையின் பெயர், எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் போனீர்கள், எதிர் வாகனம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, அதன் எண், ஓட்டியவர் பெயர் தெரிந்தால் அது, பார்த்தவர்கள் பெயர், காயம், சேர்த்த மருத்துவமனை. 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்ற வாடிக்கைச் சொற்றொடரை ஸ்டேஷன் ரைட்டர் தானே சேர்த்துவிடுவார். நீங்கள் சேர்க்க வேண்டியது அந்த அஜாக்கிரதை என்ன என்பதை: சிக்னலை மீறினாரா, இண்டிகேட்டர் போடாமல் திரும்பினாரா, எதிர்த் திசையில் வந்தாரா?

பொதுவாகப் பதிவாகும் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவுகள் இவை. 281: பொதுச் சாலையில் கண்மூடித்தனமாக ஓட்டுதல், 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம். 125(ஏ): காயம் ஏற்படுத்துதல், 6 மாதம் அல்லது 5,000 ரூபாய். 125(பி): கொடுங்காயம், 3 வருடம் அல்லது 10,000 ரூபாய். இந்த மூன்றிலும் சிறை, அபராதம் இரண்டையும் சேர்த்தும் விதிக்கலாம். 106(1): உயிரிழப்பு, 5 வருடம் வரை சிறையும் அபராதமும். நான்குமே ஜாமீனில் விடத்தக்கவை. ஓட்டியவர் பிணை கொடுக்கத் தயாராக இருந்தால் ஸ்டேஷனிலேயே ஜாமீன் கிடைக்கும். அதை மறுக்கும் அதிகாரம் ஸ்டேஷனுக்கு இல்லை. மது அருந்தி ஓட்டியிருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 185 சேரும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் முதல் முறை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

புகார் கொடுத்ததும் கையில் ஒரு சீட்டு தருவார்கள். அது சி.எஸ்.ஆர்., மனு ஏற்பு ரசீது. எஃப்.ஐ.ஆர். என்று நினைத்து அதைப் பத்திரப்படுத்திவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் பலர். எஃப்.ஐ.ஆரில் குற்ற எண்ணும் சட்டப் பிரிவுகளும் இருக்கும். புகார்தாரருக்கு அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(2). தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலும் மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு, குற்ற எண் கொடுத்துப் பதிவிறக்கலாம்.

'இது எங்கள் எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்பினால், எல்லை எதுவானாலும் புகாரைப் பதிந்து உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும் என்பதே சட்டம். 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்று கேளுங்கள். மின்னணு வழியில் புகார் அனுப்பினால், 3 நாளுக்குள் நீங்கள் அதில் கையெழுத்துப் போட வேண்டும். பதியவே மறுத்தால் மூன்று படிகள்:

1. புகாரை மாவட்ட எஸ்.பி.க்கு, மாநகரம் என்றால் காவல் ஆணையருக்கு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இது அதே சன்ஹிதாவின் 173(4). ஒப்புகை அட்டையை வைத்திருங்கள்.
2. நியாயமான காலம் கடந்தும் நடவடிக்கை இல்லையென்றால், 175(3)-இன்படி மாஜிஸ்திரேட்டிடம் பிரமாணப் பத்திரத்துடன் மனு போடுங்கள்.
3. இரண்டுக்கும் நடுவில் சிகிச்சை ஆவணங்களைச் சேகரிப்பதை நிறுத்தாதீர்கள். எஃப்.ஐ.ஆர். தாமதமானதற்கு 'ஐ.சி.யூ.வில் இருந்தார்' போன்ற காரணமும் அதற்குச் சான்றும் இருந்தால், தாமதத்தை மட்டும் வைத்து இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லியிருக்கிறது.

'ஸ்டேஷன்லயே பேசி முடிச்சிக்கலாம்' என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பம்பர் கீறலுக்கு அது சரி. தலையில் அடி, முதுகில் வலி, காலில் வீக்கம் என்றால் பத்தாயிரம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். உள்காயம் இரண்டு நாள் கழித்தும் தெரியவரும். அதற்குள் 'புகார் இல்லை' என்று எழுதிக் கொடுத்திருந்தால், உங்களுக்கு எதிராக நீங்களே உருவாக்கிய ஆவணம் அது.

வண்டியும் ஓட்டியவரும்

போலீஸ் வண்டியை எடுத்துச் சென்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்டும். இயந்திரக் கோளாறால் விபத்து நடந்ததா என்று அவர் அறிக்கை தருவார்; அதுதான் எம்.வி.ஐ. ரிப்போர்ட். அதன் பிறகு ஆர்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ் காட்டி வண்டியைத் திரும்பப் பெறலாம். ஸ்டேஷனில் தராவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போட வேண்டும். இன்சூரன்ஸ் இல்லாத வண்டி என்றால் நீதிமன்றம் பிணைத்தொகை கேட்கும். சொந்த வண்டியின் சேதத்துக்குக் கிளைம் போடுபவர்கள், காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் பார்ப்பதற்கு முன் மெக்கானிக்கிடம் விட்டுவிட வேண்டாம்.

லைசென்ஸ் இல்லாத மகனுக்குப் பதிலாக 'நான்தான் ஓட்டினேன்' என்று அப்பாவோ, டிரைவரோ வந்து நிற்பது இன்றும் நடக்கிறது. ஒரே ஒரு கேமராப் பதிவு போதும், அது பொய்ச் சாட்சியத்தில் போய் முடியும். ஓட்டியவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவில் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

வண்டியை விற்றவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. பணம் வாங்கிக்கொண்டு, படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பெயர் மாற்றியதா என்று பார்க்காமல் விட்டால், ஆர்.சி.யில் பெயர் இருக்கும்வரை உரிமையாளர் நீங்கள்தான். உச்ச நீதிமன்றம் 2018-இல் இதைத் தெளிவாகச் சொன்னது. மூன்று கை மாறிப்போன வண்டி எங்கோ இடித்தால், தீர்ப்பாய நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும்.

இழப்பீடு: எந்த வழி?

இடித்த வண்டி எதுவென்றே தெரியவில்லை என்றால், மோட்டார் வாகனச் சட்டம் 161-ஆம் பிரிவின் திட்டம். உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். இதற்குத் தீர்ப்பாயம் போக வேண்டியதில்லை. வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் விசாரித்து ஆட்சியருக்கு அறிக்கை அனுப்புவார், அவர் ஆணை போடுவார். 2022 ஏப்ரலுக்கு முன் இந்தத் தொகை வெறும் 25,000, 12,500 என்றிருந்தது. இப்படி ஒரு திட்டம் இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை.

வண்டி தெரியும், ஆனால் யார் தவறு என்று நிரூபிக்க வழியில்லை என்றால் 164-ஆம் பிரிவு. உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். தவறு யாருடையது என்று காட்ட வேண்டியதில்லை.

மற்றபடி எல்லாருக்கும் 166. இதில்தான் முழு இழப்பையும் கேட்கலாம். விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கும் இடம், எதிர்த்தரப்பு இருக்கும் இடம் ஆகியவற்றில் எங்கு வேண்டுமானாலும் மனு போடலாம். திருநெல்வேலிக்காரர் விழுப்புரத்தில் அடிபட்டால் திருநெல்வேலியிலேயே போடலாம். சென்னையில் சிறுவழக்கு நீதிமன்றம் தீர்ப்பாயமாக இயங்குகிறது. மனுவுக்கு எண்ணிட்டதும் எம்.சி.ஓ.பி. எண், அதாவது இழப்பீட்டு மனு எண், கிடைக்கும்.

கெடு 6 மாதம். 2022 ஏப்ரல் 1 முதல் 166(3) அப்படிச் சொல்கிறது. இந்த வரம்பு உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது. அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

விதிகளின்படி, விசாரணை அதிகாரி 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும், 50 நாளில் இடைக்கால அறிக்கையும், 90 நாளில் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்குத் தர வேண்டும். அந்த அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளவும் வழி உண்டு. ஸ்டேஷனில் இதைக் கேட்டு எழுதிக் கொடுங்கள். ஆனால் உங்கள் மனுவை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

சேர்க்க வேண்டியவை: எஃப்.ஐ.ஆர்., சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் பார்வை மகஜர், அந்த இடத்தின் மாதிரி வரைபடம், எம்.வி.ஐ. ரிப்போர்ட், ஏ.ஆர். காப்பி, காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள், எதிர் வாகனத்தின் ஆர்.சி. மற்றும் பாலிசி நகல், வயதுக்கும் வருமானத்துக்கும் சான்று. இறந்தவர் என்றால் பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. வாரிசுச் சான்றில் ஒரு பெயர் விட்டுப்போனால் பணம் வாங்கும் நேரத்தில் சிக்கும்.

தொகை எப்படிப் போடுகிறார்கள்? 2009, 2017 ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் வகுத்த கணக்கு இது. மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்த 35 வயதுத் தச்சர் இறந்துவிட்டார். மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் இருக்கிறார்கள் என்று வையுங்கள். சுயதொழில், 40 வயதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 21,000. நம்பியிருப்பவர் நால்வர் என்பதால் அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழித்தால் 15,750. வருடத்துக்கு 1,89,000. இதை வயதுக்கேற்ற ஒரு எண்ணால் பெருக்குவார்கள்; 31 முதல் 35 வயதுக்கு அது 16. ஆக 30,24,000 ரூபாய். இதோடு ஈமச்சடங்குக்கு 15,000, சொத்திழப்புக்கு 15,000, துணையிழப்புக்கு 40,000 சேரும். இந்த மூன்றும் 2017-இல் சொன்ன தொகை, 3 வருடத்துக்கு ஒருமுறை 10 சதவீதம் கூடும். மனுத் தேதியிலிருந்து வட்டியும் உண்டு, தமிழ்நாட்டில் பெரும்பாலும் 7.5 சதவீதம். இறந்தவர் திருமணமாகாதவர் என்றால் சொந்தச் செலவுக்குப் பாதியைக் கழிப்பார்கள்.

காயத்துக்கு மருத்துவக் குழுவின் ஊனச் சதவீதம் மட்டும் போதாது. அந்த ஊனம் உங்கள் பிழைப்பை எவ்வளவு பாதிக்கிறது என்பதுதான் கேள்வி. விரல் இரண்டு போனது கணக்கருக்கு ஒருவிதம், தையல்காரருக்கு வேறுவிதம். செய்யும் தொழிலுக்குச் சான்று வைப்பது இதனால்தான்.

காப்பீட்டு நிறுவனம் வழக்கமாகச் சொல்லும் மறுப்புகளில் சில நிற்பதில்லை. ஓட்டியவருக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லை என்றால், பெரும்பாலும் நிறுவனம் மூன்றாம் நபருக்கு, அதாவது அடிபட்டவருக்கு, பணம் கொடுத்துவிட்டு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி உத்தரவாகும். அடிபட்டவர்கள் பைக்கில் மூன்று பேராகப் போனார்கள் என்பதற்காக மட்டும் அவர்கள் மீது பங்குத் தவறு (விபத்துக்கு அவர்களும் ஒரு காரணம் என்பது) சுமத்த முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மூன்று பேர் போனதால்தான் விபத்து நடந்தது என்று நிறுவனம் காட்ட வேண்டும். சில மறுப்புகள் நிற்கும்: தானே வழுக்கி விழுந்த வண்டி உரிமையாளருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டில் ஒன்றும் வராது. அவருக்கு உள்ளது 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு மட்டும். அதற்கான பிரீமியம் பாலிசியில் கட்டியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

'ஜெயிச்சா 25 பர்சென்ட்' என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே விசிட்டிங் கார்டு நீட்டுபவர்களிடம் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றி தோல்வியைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் பார் கவுன்சில் விதிகள் வக்கீல்களுக்குத் தடை செய்கின்றன. வசதியில்லையென்றால் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம்.

லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) பேசி முடித்தால் பணம் சீக்கிரம் வரும். ஆனால் அந்த முடிவை மேல்முறையீடு செய்ய முடியாது. மேலே போட்ட கணக்கை உங்கள் விவரத்தோடு போட்டுப் பார்த்துவிட்டு மேஜையில் உட்காருங்கள். தீர்ப்பாயத்தின் தீர்ப்பு குறைவாக இருந்தால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். தகராறில் உள்ள தொகை 1 லட்சத்துக்குக் குறைவென்றால் அந்த வழி கிடையாது. சிறார்களின் பங்கு பொதுவாக அவர்கள் மேஜராகும்வரை வங்கியில் நிரந்தர வைப்பாகவே இருக்கும். படிப்புச் செலவுக்கு முன்கூட்டி எடுக்க வேண்டுமானால் கல்விக் கட்டண ரசீதோடு அதே தீர்ப்பாயத்தில் தனி மனு போட வேண்டும்.